என் குசினிக்குள் நட்ட கம்பம்

சுனாமி வந்த மறு வருடம், கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கிற மாதத்தில் நடந்தது இது. இடம், கல்குடாவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கடற்கரைக் கிராமம். கிராமம் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அப்போது அங்கே கிணறுகளும் வீட்டு அத்திவாரங்களும் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் எல்லோரும் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டில்களில் இருந்தோம். மத்தியான வெயிலில் தகரத்துக்குக் கீழே இருந்து பார்த்தவர்களுக்கு நான் அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

எனக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு, இந்தப் பொம்பிளைக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

அந்த வருடம் எங்களுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க வராத ஆட்களே இல்லை. படம் கீறப் பழக்கினார்கள். கை தட்டப் பழக்கினார்கள். ஒரு கூட்டம் வந்து வட்டமாக நிற்க வைத்து, வாய்விட்டுச் சிரிக்கப் பழக்கியது. தாயையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்களை நிற்க வைத்து, "இன்னும் சத்தமாச் சிரிங்க" என்றார்கள். கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் சொன்னதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக வந்தவன்தான் இந்த வெள்ளைக்காரன். உயரமான பையன், வெயிலில் வெந்த மூக்கு, எப்போதும் சிரித்த முகம். ஒரு உதவி நிறுவனத்தோடு வந்திருந்தான். அவன் பை நிறையப் பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. கடலைக் கண்டால் நடுங்குகிற சனம் விளையாடிக்கொண்டே கரைக்குப் போனால் பயம் தெளிந்துவிடும் என்பது அவனுடைய எண்ணம். விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். எங்கள் பெண்கள் அதைப் 'பீங்கான் எறியிற விளையாட்டு' என்றார்கள்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு இடத்தில் நின்று, தூரத்தில் நட்டிருக்கிற இரும்புக் கம்பத்தை நோக்கித் தட்டை வீச வேண்டும். கம்பத்தில் ஒரு கூடையும் அதற்கு மேலே சங்கிலிகளும் தொங்கும். தட்டு எங்கே விழுகிறதோ அங்கே நின்று மறுபடியும் வீச வேண்டும். கூடைக்குள் விழுந்ததும் அடுத்த கம்பத்துக்குப் போக வேண்டும். குறைந்த எறியில் முடிப்பவர் வென்றவர். இப்படிப் பதினெட்டுக் கம்பங்களை வாழைச்சேனையில் இரும்பு ஒட்டு வேலைக்காரரிடம் சொல்லிச் செய்து, பனங்காட்டில் தொடங்கி, வாவிக் கரையால் போய், கடற்கரையால் திரும்புகிற மாதிரி நட்டிருந்தார்கள். இலங்கையிலேயே இவ்வளவு நீளமான, இவ்வளவு கஷ்டமான ஆட்டத்தடம் இல்லை என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான். வேறொன்று இருந்தால்தானே, இலங்கையில் இது ஒன்றுதான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் அது நிற்கிற வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் வளவு என் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. என் கல்யாணத்தோடு அம்மா அதை எனக்குத் தந்துவிட்டு, சமைக்கிற குசினியோடு சேர்ந்த பின்னறையில் இருந்தா. அன்று காலையில் தண்ணீர் வந்தபோதும் குசினிக்குள்தான் நின்றா. வாவிக் கரையில்தான் அம்மாவை எடுத்தோம். எனக்கு ஒரு மகள். அப்போது எட்டு வயது. வீடு போனது, சாமான் போனது, என் கழுத்தில் கிடந்ததும் போனது. மகளுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சமாக இருந்தது அந்த வளவு மண் மட்டும்தான். கடற்கரையை அண்டி இனி ஒருவரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் வேறு சொல்லியிருந்தது. சட்டம் என்றைக்காவது மாறும், மண் எங்கே போகப்போகிறது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வந்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போவோமா என்று கேட்டால் என் கணவர் ஏதாவது சாட்டுச் சொல்வார். "அங்க என்ன கிடக்கு புள்ள? போய்ப் பாத்து என்னத்துக்கு?" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

ஆட்டத்தடத்தைத் திறந்து வைக்கிற அன்று கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வெள்ளை வாகனங்களில் வந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஊர்ப் பெண் ஒருவர் விளையாட வேண்டும் என்றார்கள், படம் எடுக்க வேண்டுமல்லவா. முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தியது நான். கொஞ்சம் இங்கிலீசும் தெரியும். அதனால் முதல் குழுவில் என்னைப் போட்டார்கள். என்னோடு அந்த வெள்ளைக்காரன், கொழும்பிலிருந்து வந்த தொப்பி போட்ட ஒரு அம்மணி, மொழிபெயர்க்க மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்த கள அலுவலர் தம்பி. தண்ணீரில் விழுகிற தட்டுகளை எடுத்துக் கொடுக்க ஊர் ஆண்கள் சிலர் பின்னால் வந்தார்கள். அவர்களில் என் கணவரும் இருந்தார்.

என் முதல் எறி எனக்குப் பின்னால் போய் விழுந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். கச்சான் காற்று தட்டைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, படம் எடுக்க நின்றவனின் காலடியில் போட்டது. வெள்ளைக்காரன் அதற்கும் கை தட்டினான். அடுத்தது தாழம்பற்றைக்குள் போனது. அதை எடுக்கப் போய்க் கையெல்லாம் முள் கீறல். வாவிக் கரையில் சேற்றுக்குள் என் செருப்பில் ஒன்று புதைந்துபோனது, மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். பனைகளுக்கு நடுவே ஒரு கம்பம், கண்ணாப் பற்றைக்குப் பின்னால் ஒரு கம்பம், தண்ணீருக்கு மேலால் வீச வேண்டியது இன்னொன்று. வெயில் ஏறிக்கொண்டே போனது. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. தொப்பி அம்மணி இரண்டு தரம் வீசிவிட்டு, இனி நான் பார்க்கிறேன் என்று குடையை விரித்துவிட்டா.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, நடுவில் ஒரு எறி எனக்கு வாய்த்தது. தட்டு நேரே போய்ச் சங்கிலியில் மோதிச் சலார் என்று கூடைக்குள் விழுந்தது. பின்னால் வந்த ஆண்கள் விசில் அடித்தார்கள். நான் சிரித்தேன். யாரும் பழக்காமல், அந்த வருடத்தில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை, வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வாவியை விட்டுத் தடம் கடற்கரைப் பக்கம் திரும்பியது. ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நீலச் சாயம் அடித்த கிணற்றுக்கட்டு தெரிந்தது. அது என் மச்சாளின் கிணறு. அதற்கு அடுத்தது என் வளவு. ஒருவேளை வளவுகளுக்கு இடையிலுள்ள ஒழுங்கையால்தான் தடம் போகிறது, வளவுக்குள் போயிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த எறியை வீசினேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு உடைந்த மதிலுக்கு அங்கால் போட்டது. எடுக்கப் போனேன். தட்டு கிடந்தது எங்கள் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் குசினி. சுவர் இல்லை, கூரை இல்லை, சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் அம்மா தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்த தரை. அதன் நடுவில் அலவாங்கால் உடைத்துக் குழி தோண்டி, கொங்கிரீட் போட்டு, கம்பத்தை நட்டிருந்தார்கள். கூடை தொங்கியது. நம்பர் எழுதிய ஒரு தகட்டையும் கட்டியிருந்தார்கள்.

"எறியுங்க அக்கா, கிட்டத்தானே, இது லேசு" என்று அலுவலர் தம்பி கத்தினான்.

எனக்கு உச்சந்தலையில் பத்திக்கொண்டது. தட்டைக் கையில் பிடித்தபடியே அவனிடம் போனேன்.

"தம்பி, இத ஆரக் கேட்டு நட்டீங்க?"

"எல்லாரையும் கேட்டுத்தான் அக்கா. கூட்டம் வச்சம். குடும்பத் தலைவர்மார் எல்லாரும் வந்து ஓம் எண்டு சொன்னாங்க. உங்கட வீட்டுக்காரரும் வந்திருந்தவர்."

குடும்பத் தலைவர்மார். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். கூட்டம் வைத்தது தண்ணீர் பவுசர் லொறி வருகிற நேரத்தில். பெண்கள் நாங்கள் எல்லோரும் வாளியோடு வரிசையில் நின்ற நேரம். அந்த நேரத்தில் ஆண்களை மட்டும் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, சரி. இவனுக்குத் தெரியாதா?

"நீ மட்டக்களப்பான்தானே? உன்ட அம்மாட வளவ உன்ட அப்பாட்டக் கேட்டு வாங்க ஏலுமா? சொல்லு பாப்பம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மதிலுக்கு வெளியே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"இஞ்ச வாங்க" என்றேன். "நீங்களா ஓம் எண்டு சொன்ன?"

"வீடு கட்ட விடமாட்டாங்க எண்டுதானே சொல்றாங்க" என்றார் மெல்ல. "சும்மா கிடக்கிற இடம்..."

"சும்மா கிடக்கிறது ஆருட வளவு? நீங்க இஞ்ச வரக்குள்ள ஒரு வலையும் ஒரு பெட்டியும்தான் கொண்டுவந்தீங்க. இந்த வளவுல ஒரு தேங்காயப் புடுங்கக்குள்ளயும் அம்மாட்டக் கேட்டுத்தானே புடுங்கின நீங்க? அம்மா செத்தா நான் இல்லயா? நான் செத்தா என்ட புள்ள இல்லயா?"

அத்தனை பேருக்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று பிறகு பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களுடைய புத்தி எனக்குத் தேவைப்படவில்லை.

அவர் உடைந்த மதிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்கு இந்த இடத்தப் பாக்க ஏலாமக் கிடந்தது, புள்ள" என்றார். "மாமிய நினைச்சா நித்திரை வாறல்ல. ஆராவது எதையாவது போட்டு மூடட்டும் எண்டு நினைச்சன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய துக்கமும் எனக்குத் தெரியும். அதற்காக என் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது. செத்தது என் அம்மா. அந்தத் தரையை மூடுவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். என்னைக் கேட்காமல் என் துக்கத்தையும் சேர்த்து இவர் எப்படி மூடலாம்?

வெள்ளைக்காரன் என்ன நடக்கிறது என்று விளங்காமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். அலுவலர் தம்பி அவனுக்கு இங்கிலீசில் சொன்னது என் காதில் விழுந்தது. பழைய வீட்டைப் பார்த்ததும் இந்த அக்காவுக்குச் சோகமாகிவிட்டது என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீசில், சோகம் இல்லை, கோபம் என்று நேரே அவனிடம் சொன்னேன். இது என் வீடு, இது என் அம்மா நின்று செத்த இடம், எங்கள் ஊரில் மண் பெண்களுடையது, நீ ஆண்களைக் கேட்டாய் என்றேன். இலக்கணம் எல்லாம் பிழையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தச் சிரித்த முகம் செத்துப்போனது. பிறகு, ஆட்டத்தை இத்தோடு நிறுத்திவிடுவோம் என்றான்.

நான் மாட்டேன் என்றேன். மீதித் தடம் முழுக்க நடந்தே தீர வேண்டும் என்றேன். ஒவ்வொரு கம்பமும் ஆருடைய வளவில் நிற்கிறது என்று நான் சொல்லுவேன், நீ கேட்க வேண்டும் என்றேன். அலுவலர் தம்பியிடம், "இனி ஒரு சொல்லயும் விழுங்காம அப்பிடியே சொல்லு" என்றேன்.

அப்படியே நடந்தோம். வெயில் சுட்டது, மணல் வெறுங்காலைச் சுட்டது. இனி ஒருவரும் தட்டு வீசவில்லை. வெள்ளைக்காரன் தன் தட்டுகளைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு கம்பத்திலும் நின்று அந்த வளவுக்காரியின் பெயரைச் சொன்னேன். அவளுடைய தாய் பெயர், மகளின் பெயர், யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொன்னேன். தொப்பி அம்மணி நேரம் போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தா. பாருங்க, பாருங்க என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சத் தூரம் போனதும் முகாமிலிருந்து மச்சாளும் வேறு பெண்களும் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள்.

"என்னகா, எங்கட வளவுக்குள்ளயும் நட்டிருக்கானுகளாம்?" என்று மச்சாள் மூச்சு வாங்கக் கேட்டாள். பிறகு அவரவர் வளவில் அவரவரே நின்று சொன்னார்கள். எனக்கு வாய் நோக நோகக் கத்த வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் கம்பம் கடலுக்கு நேரே, மேடான ஒரு இடத்தில் நின்றது. தடத்திலேயே வடிவான இடம் அதுதான் என்று காலையில் அவன் சொல்லியிருந்தான். அந்த இடத்தில் வந்து நின்றதும் பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வளவில் சொல்ல ஆள் இல்லை. தாயும் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகப் போய்விட்டார்கள். அந்தத் தாயின் புருசன் மட்டும் வாவியில் தோணியில் நின்றதால் மிஞ்சினான். பெண்சாதியும் மகள்மாரும் இல்லாத வளவில் தனக்கென்ன உரிமை என்று, வெல்லாவெளியில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளைக்காரன் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டான். சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான், பிழையாக. நான் திருத்தினேன். மறுபடியும் பிழை. சரியாக வரும் வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பிறகு பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டுப் பழகினான்.

மறுநாள் காலையில் அவனே அலவாங்கோடு வந்தான். தன் மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம். வளவுகளில் நின்ற கம்பங்களை எல்லாம் பிடுங்கினான். உள்ளங்கை கொப்பளிக்கக் கொப்பளிக்கக் கொங்கிரீட்டை உடைத்தான். என் குசினித் தரையில் இருந்த குழியையும் தானே சீமெந்து குழைத்து மூடினான். அந்த வேலை அவனுக்கு வராது, சிவப்புத் தரையில் சாம்பல் நிறத்தில் மேடு பள்ளமாக ஒரு திட்டு. கோபம் ஆறாமலேதான் நான் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பனங்காட்டிலும் வாவிக் கரையிலும் நின்ற கம்பங்களில் கொஞ்சக் காலம் பிள்ளைகள் விளையாடினார்கள். பிறகு நாட்டில் யுத்தம் மறுபடியும் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் போனார்கள், அவனும் போனான். கம்பங்கள் உப்புக் காற்றில் கறள் பிடித்து விழுந்தன. வீடு கட்டக்கூடாது என்ற சட்டத்தைப் பிறகு தளர்த்தினார்கள். நாங்கள் வளவுக்குத் திரும்பி, முதலில் ஓலைக் குடில் போட்டு, பிறகு கல்வீடு கட்டினோம்.

சண்டை முடிந்த கையோடு ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். ஒரு நாள் அளவு நாடாவோடு சிலர் எங்கள் படலையடியில் வந்து நின்று, வீட்டுக்காரரோடு கதைக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

"வளவுக்காரி உள்ள இருக்கா. அவவக் கேளுங்க. நான் இஞ்ச வந்து குடியிருக்கிறவன்."

நான் வெளியே வந்து தர மாட்டேன் என்றேன். மச்சாளும் மாட்டேன் என்றாள். அந்த வளவு இன்றைக்கு என் மகளுடையது, அவள் கல்யாணத்தோடு கொடுத்துவிட்டேன். என் கணவர் செய்ததை நான் மன்னித்தேனா என்று கேட்டால், பாதி மன்னித்திருப்பேன்.

ஆனால் அந்தக் கடைசி வளவு போய்விட்டது. கேட்க ஆள் இல்லாத இடம் என்று ஹோட்டல் மதிலுக்குள் எடுத்துவிட்டார்கள். நான் அரசாங்கக் காணிக் கந்தோருக்குப் போய்க் கேட்டேன். நீங்கள் சொந்தமா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியானால் உங்களுக்கு இதில் என்ன என்றார்கள். ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதையே கேட்டார்கள். வெல்லாவெளிக்கும் போய் அந்த மனிசனைக் கண்டேன். "அது எங்கட ஆக்கள்ட இல்லயே புள்ள, அவட ஆக்கள்ட" என்று அழுதான். அவளுடைய ஆட்கள் ஒருவரும் மிச்சமில்லை. இப்போது அந்த மேட்டில் நீச்சல் குளம் இருக்கிறது.

அந்த மதிலால் போகும்போதெல்லாம் அவள் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன். காவலாளி என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறான், நினைக்கட்டும். எங்கிருந்தோ வந்த ஒருவன் நாக்குப் புரளாமல் கஷ்டப்பட்டுப் பழகிய அந்தப் பெயரை, அவள் பிறந்து வளர்ந்த நாட்டில் ஒரு கந்தோரும் என்னவென்று கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.